புதியவரை வரவேற்றவர்கள்

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. சித்திரை மாதத்தில் மட்டக்களப்பு வெயில் விடியும்போதே சுடத் தொடங்கிவிடும். கல்லடியில் எங்கள் சிறிய சபையில் அதிகாலை ஆராதனை முடிந்து, எல்லோருக்கும் பிளேன்டீயும் பணிசும் கொடுத்துக்கொண்டிருந்தோம். பிள்ளைகளின் புது உடுப்புகளில் கடை வாசம் இன்னும் போகவில்லை. அவற்றில் அரைவாசிக்கு மேல் பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடிக் கடைகளில் எடுத்தவை. தீபாவளி, நத்தார், உயிர்த்த ஞாயிறு எதுவானாலும் எங்கள் சனம் உடுப்பெடுக்கப் போவது அங்கேதான்.

ஒன்பது மணி தாண்டிச் சில நிமிடங்கள். வாவிக்கு அப்பால் நகரப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. யுத்தத்துக்குள் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தத்தை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. "டிரான்ஸ்போமர் வெடிச்சிருக்கும்" என்றார் ஒரு பெரியவர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு கைத்தொலைபேசிகள் அடிக்கத் தொடங்கின. சீயோன் சபை. சீயோனில் குண்டு. பிள்ளைகள். கிடைத்த மோட்டார் சைக்கிளில் ஏறி, பாலம் கடந்து, ஹோர்ன் சத்தத்துக்கும் கத்தலுக்கும் நடுவே போதனா வைத்தியசாலை வாசலில் போய் விழுந்தோம்.

கருகிய முடியின் நாற்றமும் டெட்டோல் வாசமும் கலந்து நின்ற அந்த நடைபாதை இன்றும் எனக்குள் இருக்கிறது. தரையில் ஒற்றைச் செருப்புகள். வெள்ளைச் சரிகை வைத்த ஒரு சின்னச் சட்டையை மடித்து நெஞ்சோடு வைத்திருந்தார் ஒரு தகப்பன். காயக்காரரைத் தூக்கி ஓடிய தாதியரில் முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி அழுதுகொண்டே ஊசி ஏற்றினாள். கை மட்டும் நடுங்கவில்லை.

சுவரோரம் சாய்ந்திருந்த ஒரு ஞாயிறு பாடசாலை ஆசிரியையின் பக்கத்தில் போய் இருந்தேன். இருபத்தைந்து வயதிருக்கும். இரண்டு கைகளும் வெந்திருந்தன. வலிக்குது என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. "என்ட வகுப்புப் புள்ளையள் எங்க அக்கா?" என்று கேட்டு, ஒவ்வொரு பெயராகச் சொல்லத் தொடங்கினாள். இடாப்பில் இருக்கும் வரிசையிலேயே சொன்னாள். ஒரு பெயரையும் விடவில்லை. பதில் தெரிந்த பெயர்களுக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நடந்ததைப் பிறகுதான் முழுவதுமாக அறிந்தோம். பெரிய ஆராதனைக்காக நூற்றுக்கணக்கானோர் உள்ளே கூடியிருந்த வேளை. வகுப்பு முடிந்த பிள்ளைகள் முற்றத்தில் காலைச் சாப்பாட்டுக்கு நின்றிருந்தார்கள். பையோடு வந்த ஒரு புதியவனிடம் சபையார் நின்று பேசியிருக்கிறார்கள். சந்தேகப்பட்ட ஒருவர் அவனை உள்ளே விடாமல் வெளியே அழைத்துப் போயிருக்கிறார். குண்டு முற்றத்தில் வெடித்தது. தடுத்தவரும் இறந்தார். முப்பது பேரளவில் அங்கே இறந்தார்கள். அவர்களில் 14 பேர் குழந்தைகள். அதே காலையில் கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி ஆலயங்களிலும் கொழும்பு விடுதிகளிலும் இறந்தவர்களையும் சேர்த்தால் நாடெங்கும் 250க்கும் மேல். எச்சரிக்கை ஏப்ரல் தொடக்கத்திலேயே வந்திருந்தது. முன்னாள் ஜனாதிபதியும் பாதுகாப்பு அதிகாரிகளும் கடமை தவறினார்கள் என்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்து நட்டஈடு கட்டச் சொன்னது. தீர்ப்பைக் கேட்ட தாய்மார் தலையசைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்கள்.

சீயோன் சபையின் வாசலை நான் அடிக்கடி நினைக்கிறேன். எங்கள் சபைகளில் வாசலில் நிற்பது ஒரு ஊழியம். முகம் தெரியாத ஆள் வந்தால் முதலில் சிரிக்க வேண்டும், "வாங்க" என்று கூப்பிட வேண்டும், எந்த ஊர் என்று கேட்டு ஒரு கதிரை கொடுக்க வேண்டும். இப்படியான சபைகளில் பலர் ஒரு காலத்தில் அந்த வாசலுக்குப் புதியவர்களாக வந்தவர்கள்தான். பிள்ளைக்குக் காய்ச்சல், புருசனைக் காணவில்லை, கடல் வீட்டைக் கொண்டுபோய்விட்டது என்று இருந்த நாளில் அயலில் ஒரு பெண் வந்து "உங்களுக்காக ஜெபிக்கட்டா?" என்று கேட்டிருப்பாள். அதற்காக அவளுக்கு ஏச்சு விழுந்திருக்கும், சில ஊர்களில் கல்லும் விழுந்திருக்கும். அடுத்த கிழமையும் அவள் வருவாள்.

இந்த மண்ணில் விசுவாசத்தின் பேரில் வெளிக்கிட்டு நடப்பது எப்போதும் ஆபத்துத்தான். 1990 ஆகஸ்டில் வாழைச்சேனையில் அகப்பட்டிருந்த கன்னியாஸ்திரிகளுக்கு உதவப் போன இயேசு சபைக் குரு யூஜின் ஹெபர்ட் திரும்பி வரவேயில்லை. அதே மாதம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், புனித மரியாள் பேராலயத்துக்குள்ளேயே நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜெபிக்கும் இடத்தில் சாவு வரும் என்பதை எல்லாப் பக்கத்தாரும் அறிந்த ஊர் இது.

குண்டுக்கு அடுத்த ஞாயிறு ஆலயங்கள் பூட்டிக் கிடந்தன. கத்தோலிக்கர் கர்தினாலின் திருப்பலியைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு மெல்லிய குரலில் ஜெபித்தோம். எங்கள் சபையில் இடியப்பம் அவித்து விற்கும் ஒரு அக்கா இருந்தா. கைப்பை கண்டால் இராணுவம் மறிக்கும் என்று வேதாகமத்தை வெளியே தெரியும் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு, இழவு வீடுகளுக்கெல்லாம் நடந்தா. பெரிய வார்த்தை எதுவும் அவவிடம் இல்லை. போவா, இருப்பா, அழுவா, ஒரு சங்கீதம் வாசிப்பா, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு வருவா.

சில நாளில், குண்டுதாரிகளின் தலைவனுடைய ஊரான காத்தான்குடிக்கும் இடியப்பப் பெட்டியோடு போனா. சபையிலேயே பலர் ஏசினார்கள். எங்கள் எல்லோர் நெஞ்சிலும் கோபம் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. அக்கா சொன்னா: "பகைவனுக்காகவும் ஜெபிக்கச் சொன்னவர் என்ட ஆண்டவர். இவங்க பகைவருமில்ல, என்ட வாடிக்கைக்காரர்." வாடிக்கை வீட்டுப் பெண் பயத்தில் பாதிக் கதவுதான் திறந்தாவாம். 90இல் பள்ளிவாசலில் அண்ணனைப் பறிகொடுத்தவ. இருவரும் வாசற்படியில் இருந்து அழுதிருக்கிறார்கள். "உங்களுக்காகவும் ஜெபிக்கிறன் ராத்தா" என்று சொல்லிவிட்டு அக்கா திரும்பி வந்தா. அந்த வருடத்தில் நான் கேட்ட பிரசங்கங்கள் எல்லாவற்றையும்விட எனக்கு அதுதான் நிலைத்தது.

வருடங்கள் போய்விட்டன. அன்று முற்றத்தில் நின்று தப்பிய பிள்ளைகளில் சிலர் பெரிய பரீட்சைகள் எழுதிவிட்டார்கள். தழும்பு தெரியாமல் நீளக்கை போடுபவர்களும் உண்டு, தழும்போடு கிட்டார் வாசித்துப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பவர்களும் உண்டு. எங்கள் வாசலில் இப்போது பை பார்க்கிறோம். பார்த்த பிறகு "வாங்க" என்று சொல்லத் தவறுவதில்லை.

உயிர்த்த ஞாயிறு என்றதும் குண்டு வைத்தவர்களின் பெயர்களையும் அரசாங்கத்தின் அலட்சியத்தையும் பேசுகிறார்கள். பேசத்தான் வேண்டும். ஆனால் சீயோன் முற்றத்தில் இறந்தவர்களைத் தற்செயலாக அகப்பட்டவர்கள் என்று மட்டும் யாரும் எழுதிவிட வேண்டாம். அந்தக் காலையில் ஒருவர் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக் கொடுத்தார், ஒருவர் சாப்பாடு பரிமாறினார், ஒருவர் வாசலில் நின்று புதியவனிடம் மரியாதையாகப் பேசினார். தாங்கள் நம்பியதை அடுத்தவருக்குக் கொடுக்கும் வேலை அது. அந்த வேலையில் இருக்கும்போதே உயிரை விட்டார்கள். அதே வேலையை இன்றும் இந்த ஊரில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பயம் இல்லாமல் செய்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பயத்தோடு, ஒவ்வொரு ஞாயிறும் செய்கிறார்கள்.