தண்டவாளம் போன ஊரில் படகுதான் ரயில்

தைப்பிங்கிலிருந்து மேற்கே அரை மணி நேரம் காரோட்டினால், சாலை ஆற்றங்கரையில் போய் முடிந்துவிடும். அதுதான் கோலா செப்பெத்தாங். நம் தாத்தா பாட்டிகளுக்கு அது போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1-ஆம் தேதி தைப்பிங்கிற்கும் இந்தத் துறைமுகத்துக்கும் இடையில்தான் ஓடியது. தூரம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். லாருட் ஈயத்தைக் கப்பலில் ஏற்றுவதற்காகப் போட்ட பாதை அது. போட்டவர்கள் இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட தொழிலாளர்கள். இன்று தண்டவாளம் இல்லை. நிலையத்தின் பழைய பெயர்ப்பலகை மட்டும் கடைத்தெருவில் நிற்கிறது. மற்ற மொழிகளோடு தமிழிலும் ஊர்ப்பெயர் எழுதியிருப்பதால், நம்மவர்கள் அங்கே நின்று படம் எடுக்காமல் நகர்வதில்லை.

ரயில் போனபின் இந்த ஊரை நடத்துவது படகுதான். மீன், நண்டு, இறால், சுற்றுப்பயணி எல்லாமே படகில்தான் போய் வர வேண்டும். சுற்றிலும் மாத்தாங் சதுப்புநிலக் காடு. 40,000 ஹெக்டருக்கும் மேற்பட்ட பரப்பு. நூறு ஆண்டுகளுக்கு மேலாக, 30 ஆண்டுச் சுழற்சியில் ஒரு பகுதியை வெட்டி, மறுபடி நட்டு, காட்டையும் காப்பாற்றி வருகிறார்கள். வெட்டிய பாக்காவ் மரம் படகேறி, செங்கல்லால் கட்டிய கரிச்சூளைகளுக்குப் போகிறது. பகலில் சூளையைப் பார்த்துவிட்டு, மாலையில் மின்மினிப் பூச்சி பார்க்கப் படகேறுவதுதான் குடும்பங்கள் வழக்கமாகப் போடும் திட்டம்.

பள்ளி விடுமுறையில் நாங்களும் அப்படித்தான் போனோம். மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமனார். மாமனார் முப்பது வருடம் லாரிப் பட்டறையில் வேலை செய்தவர். படகோட்டி இருபத்தைந்து வயதுச் சீன இளைஞர். ஃபைபர் படகு, பின்னால் நாற்பது குதிரைச் சக்தி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். எல்லாருக்கும் பாதுகாப்பு அங்கியை மாட்டிவிட்டுத்தான் கயிற்றை அவிழ்த்தார்.

துறையை விட்டுக் கிளம்பும்போது எஞ்சின் சீராகத்தான் பாடியது. ஆற்றின் நடுவுக்கு வந்து வேகத்தைக் கூட்டியதும், 'டப்' என்று ஒரு வெடிச்சத்தம். பின்னாலேயே இன்னும் இரண்டு. படகு தளர்ந்தது. சின்னவள் பாட்டாசு என்று கைதட்டினாள். படகோட்டியின் முகம் மட்டும் இறுகிவிட்டது. வேகத்தைக் குறைத்து, பக்கத்திலிருந்த மீன் துறையின் கம்பத்தில் படகைக் கட்டினார்.

"பாரு செமாலாம் பைக்கி, அங்கிள்" என்றார். நேற்றுதான் பட்டறையிலிருந்து வந்திருக்கிறது. போன் போட்டுப் பேசினார். கார்புரேட்டரையே மாற்ற வேண்டியிருக்கலாம், திங்கட்கிழமை கொண்டு வா என்று பதில் வந்தது. திங்கள் வரை என்றால் சனி, ஞாயிறு இரண்டு நாள் வருமானம் போச்சு. ஆற்றிலும் நீர் வற்றத் தொடங்கியிருந்தது. வற்றம் முழுசாக இறங்கினால் ஓரமெல்லாம் சேறு. அதில் படகு தட்டினால் அடுத்த ஏற்றம் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

மாமனார் மெதுவாக நகர்ந்து பின்பக்கம் போனார். மலாயில் அவர் கேட்ட முதல் கேள்வி, "பட்டறையில் எதையெல்லாம் தொட்டார்கள்?" என்பதுதான். கார்புரேட்டரைக் கழுவினார்கள், பிளக் இரண்டும் புதுசு, பெட்ரோல் வடிகட்டியும் புதுசு. "பழுது பார்க்கிறதுக்கு முன்னாடி வெடிச்சுதா?" இல்லை. அப்போது திணறல் மட்டும்தான்.

"அப்போ கை பட்ட இடத்திலதான் இருக்கும் மாப்பிள்ளை. காசு செலவில்லாததை முதல்ல பார்ப்போம்" என்றார் என்னிடம்.

முதலில் பிளக் கம்பிகள். மேலதும் கீழதும் மாறிப் போனால் இரண்டு சிலிண்டர் எஞ்சின் ஒழுங்காக நிற்கவே நிற்காது. இது மெதுவோட்டத்தில் நன்றாகவே ஓடியது. கம்பிகள் சரியாகவும் இறுக்கமாகவும்தான் இருந்தன. அடுத்து, பெட்ரோல் தொட்டி மூடியிலுள்ள காற்றுத் திருகு. அது மூடியிருந்தால் பெட்ரோல் வெளியே வராது. திறந்துதான் இருந்தது.

மூன்றாவது சோதனைதான் வழிகாட்டியது. தொட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவே குழாயில் கையால் அமுக்குகிற ரப்பர் உருண்டை ஒன்று இருக்கும். கட்டியபடியே எஞ்சினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு, அதை விடாமல் அமுக்கச் சொன்னார். வெடி நின்றது. அமுக்குவதை நிறுத்தியதும் மறுபடி 'டப்'. பெட்ரோல் போதாமல்தான் வெடிக்கிறது என்று தெரிந்துவிட்டது.

எப்படி என்று பெரியவன் கேட்டான். பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் கலந்தால் சட்டென்று எரிந்து முடியும். பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் மெதுவாக எரியும். அடுத்த கலவை உள்ளே வரும்போதும் பழைய அனல் மிச்சமிருக்கும். அது வருகிற கலவையைப் பற்றவைத்து, வந்த வழியே வெடிக்கும். அப்படியே ஓட்டினால் என்ன என்றான். டூ-ஸ்ட்ரோக்கில் மசகு எண்ணெயும் பெட்ரோலோடு கலந்துதான் போகிறது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். சூடேறி பிஸ்டன் இறுகிவிட்டால், கார்புரேட்டர் விலையோடு கதை முடியாது.

எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டார்கள். மேல்மூடியைக் கழற்றி உருண்டையை மறுபடி அமுக்கியபோது, புது வடிகட்டியின் ஓரத்தில் ஒரு துளி ஈரம். குழாயை முழுதாக உள்ளே தள்ளாமல் கவ்வியை மாட்டியிருக்கிறார்கள். அமுக்கினால் அங்கே பெட்ரோல் கசிகிறது. எஞ்சின் இழுக்கும்போது அதே இடத்தில் காற்றைக் குடிக்கிறது. குழாயைக் கடைசிவரை தள்ளி, கவ்வியைத் திருப்புளியால் இறுக்கினார்கள். உருண்டை இப்போது கல்லுப்போல இறுகியது. சிந்தியதைத் துடைத்து, பெட்ரோல் வாடை போகும்வரை மூடியைத் திறந்தே வைத்திருந்தார்கள். அதன்பிறகுதான் சாவியைத் திருப்பினார்.

வேகத்தைக் கூட்டினார். ஒரே சீரான இரைச்சல். "தெரிமா காசே, அங்கிள்" என்று இரண்டு கையாலும் மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டார் அந்தப் பையன். கட்டணத்தில் தள்ளுபடி தருகிறேன் என்றதற்கு மாமனார் ஒத்துக்கொள்ளவில்லை. "புது கார்புரேட்டர் வாங்காதே, அது போதும்" என்றார்.

பிறகு எங்கள் பயணம் பயணமாயிற்று. ஆற்று முகத்தில் செம்பருந்துகள் வட்டமிட்டன. இருட்டியபின் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கண் சிமிட்டின. அவற்றின் அருகே போனதும் எஞ்சினை அவர் நிறுத்தினார். பிள்ளைகள் மூச்சைக்கூட மெதுவாக விட்டார்கள்.

நீங்கள் போவதாக இருந்தால், ஏற்றவற்ற நேரத்தை முன்கூட்டியே கேட்டு, பொழுது சாயும் நேரத்தோடு பொருத்திக்கொள்ளுங்கள். பாதுகாப்பு அங்கி இல்லாத படகில் ஏறாதீர்கள். எஞ்சின் நேற்றுதான் பட்டறையிலிருந்து வந்தது என்று படகோட்டி சொன்னால் பயப்பட வேண்டாம். துறைக்கு எதிரிலேயே ஒரு சுற்று வேகமாக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நல்ல படகோட்டி அதற்குக் கோபப்பட மாட்டார். நாங்கள் கரையேறியபோது அந்தப் பையன் அடுத்த குடும்பத்தை ஏற்றுவதற்கு முன், தானாகவே அப்படி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.