தேய்மானம் இல்லை, இது வேறு

காமர்ஸ் படிக்கிறவனுக்கு மூட்டுக்குள்ளே என்ன இருந்தால் என்ன, டெபிட்டும் கிரெடிட்டும் டாலி ஆனால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போன வருஷம் வரை நானும் அப்படித்தான் இருந்தேன் :-)

எங்கள் வீடு மாதவரத்தில், பால்பண்ணைப் பக்கம். அம்மா வீட்டிலேயே துணி தைக்கிறார். காலையில் எழுந்ததும் "விரலே மடங்கலடா, இந்த பால் பாக்கெட்ட கொஞ்சம் வெட்டிக் குடு" என்பார். பத்து மணிக்கு மேல் தையல் மிஷினில் உட்கார்ந்துவிடுவார். "அது எப்படிம்மா, காலைல மட்டும் வலிக்குது உனக்கு?" என்று ஒரு நாள் கிண்டலாகக் கேட்டுவிட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை.

தெருவில் எல்லோரும் சொன்னது, "மூட்டு தேய்மானம்". தேய்மானம் என்றால் எனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் பத்து சதவீதம் கழிப்போமே! ஆனால் சென்ட்ரலுக்கு எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்றார்கள். அன்று இரவுதான் படிக்க ஆரம்பித்தேன்.

நம் மூட்டின் உட்புறத்தில் சைனோவியம் என்று ஒரு சவ்வு இருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அதன் உள்வரிசை ஒன்றிலிருந்து மூன்று செல் கனம்தான். அந்த செல்களும் நெருக்கியடித்து நிற்பதில்லை, நடுவில் இடைவெளி இருக்கும். அடியில் தடுப்புப் படலமும் கிடையாது. ஏன் இப்படி? எலும்பு முனையில் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் இல்லை. அதற்குச் சாப்பாடு இந்த இடைவெளி வழியாகக் கசிந்து வரும் திரவத்தில்தான் போக வேண்டும்.

உள்வரிசையில் இரண்டு வகை வேலைக்காரர்கள். ஒரு வகை குப்பை அள்ளும். இன்னொரு வகை ஹயலூரானிக் அமிலம், லூப்ரிசின் போன்ற வழவழப்புப் பொருட்களைச் செய்யும். இவர்களுக்குக் கீழே ரத்தக்குழாய், கொழுப்பு, நரம்பு எல்லாம் கொண்ட தளர்வான அடுக்கு. நல்ல முழங்காலில் கூட முட்டை வெள்ளைக்கரு போன்ற இந்தத் திரவம் ஒரு டீஸ்பூன் அளவுக்குள்தான் இருக்கும். அவ்வளவு சிக்கனம்!

முடக்குவாதத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. மூன்று வரிசை இருந்த இடத்தில் பத்து வரிசை, அதற்கு மேலும். கீழ் அடுக்கில் நோய் எதிர்ப்பு செல்கள் கூட்டமாக வந்து தங்கிவிடுகின்றன. அவற்றுக்குத் தீனி போட புதிய ரத்தக்குழாய்கள் முளைக்கின்றன. தடித்த சவ்வு பான்னஸ் என்ற பெயரில் குருத்தெலும்பின் ஓரத்தில் படர்ந்து அரிக்கிறது, எலும்பையும் கரைக்கிறது. வயசானால் வரும் தேய்மானத்தில் பாதிப்பு முக்கியமாகக் குருத்தெலும்பில். இங்கே சவ்வே எதிரியாகிவிடுகிறது.

காலையில் மட்டும் ஏன்? வீக்கத்தைத் தூண்டும் ஐ.எல்-6 போன்ற பொருட்கள் ரத்தத்தில் விடியற்காலையில்தான் உச்சத்துக்குப் போகின்றன. இரவெல்லாம் அசையாத மூட்டில் நீரும் தேங்கியிருக்கும். தேய்மானத்தில் இந்த இறுக்கம் பொதுவாக அரை மணிக்குள் விட்டுவிடும், இதில் ஒரு மணி நேரம் தாண்டும். என் கிண்டலுக்கு விடை கிடைத்தது. படித்தபோது கூசிப்போனேன்.

கதை இதோடு முடியவில்லை. மெத்தோட்ரெக்சேட் மாத்திரை கொடுத்தார்கள், வாரத்தில் ஒரே ஒரு நாள். பக்கத்து வீட்டு அக்கா "அது கேன்சர் மாத்திரையாச்சே" என்று சொல்ல, அம்மா எங்களிடம் சொல்லாமல் இரண்டு மாதம் நிறுத்திவிட்டார். விரல்கள் மறுபடி வீங்கின.

அக்கா சொன்னது பொய்யில்லை. 1940களில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில், எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான குழு உருவாக்கிய புற்றுநோய் மருந்து அது. அந்த சுப்பாராவ் படித்தது எங்கே தெரியுமா? இதே பொது மருத்துவமனையை ஒட்டிய சென்னை மருத்துவக் கல்லூரியில்! முடக்குவாதத்துக்கு 1988ல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. இதற்குக் கொடுக்கும் அளவு மிகக் குறைவு. கூடவே ஃபோலிக் அமில மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. தவறிப்போய் தினமும் சாப்பிட்டால் மட்டும் உயிருக்கே ஆபத்து, அதை மறக்காதீர்கள்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "நம்ம ஊர்ல படிச்சவர் கண்டுபிடிச்சதா?" என்று கேட்டுவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் காலண்டரில் நான் டிக் போடுகிறேன். வீக்கம் வடிந்திருக்கிறது. ஆனால் வலது கை நடுவிரல் கொஞ்சம் கோணியது கோணியதுதான். அரித்துப்போன குருத்தெலும்பு திரும்ப வராது.

உங்கள் வீட்டிலும் யாராவது காலையில் விரல் மடங்கவில்லை என்றால், என்னைப் போல் கிண்டல் செய்யாமல் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். பால் பாக்கெட்டை இப்போதும் நான்தான் வெட்டுகிறேன், அம்மா கேட்பதற்கு முன்னாலேயே.