மடிப்பு விழுந்த இடம்

மாமா பையன் கோவையிலிருந்து வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். 2 நிமிடம் 40 விநாடி. பாதிக்கு மேல் ஆஃபர் புராணம். பழைய போனைக் கொடுத்தால் இவ்வளவு கழியும், கார்டுக்கு இவ்வளவு கழியும், மிச்சத்துக்கு 24 மாத ஈ.எம்.ஐ. கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தான். "அக்கா, நம்ம குடும்பத்துலயே மடிக்கிற போன் வச்சிருந்த ஒரே ஆளு நீதான். வாங்கலாமா வேணாமா, ஒரே வார்த்தையில சொல்லு."

வைத்திருந்த, என்கிறான். இப்போதும் வைத்திருக்கிறேன். இதை எழுதும்போது மேஜையில் பக்கத்திலேயே கிடக்கிறது, மூடியபடி. வெளித்திரை வேலை செய்கிறது. பேசலாம், ஓ.டி.பி. பார்க்கலாம். திறப்பதில்லை, அவ்வளவுதான்.

ஒரே வார்த்தையில் பதில் சொல்ல மூன்று நாளாக முயன்றுவிட்டேன். முடியவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே கொஞ்சம் நீளமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா திருவல்லிக்கேணியில் 32 வருடம் பைண்டிங் கடை வைத்திருந்தார். வக்கீல் ஆபீஸ் லெட்ஜர், காலேஜ் பிள்ளைகளின் ப்ராஜெக்ட், நூலகங்களிலிருந்து மூட்டையாக வரும் கிழிந்த புத்தகங்கள். எங்கள் வீடு முழுக்க மயில்துத்தம் கலந்த மைதா பசையின் வாசம் இருக்கும். கடையை 2021இல் மூடினோம். கட்டிங் மெஷின் மட்டும் விற்காமல் ரொம்ப நாள் கிடந்தது. சக்கரத்தைக் கையால் சுற்றுகிற பழைய இரும்பு. 2023இல் ஒருவர் வந்து 62,000 ரூபாய்க்கு எடுத்துப்போனார். அப்பா அந்தப் பணத்தை எண்ணிக்கூடப் பார்க்காமல் என் கையில் கொடுத்தார். "நல்ல கம்ப்யூட்டரா ஒண்ணு வாங்கிக்கம்மா. கண்ணைக் கெடுத்துக்காத."

நான் மெய்ப்பு பார்க்கிறவள். பழைய நாவல்களை மறுபதிப்பு போடும் சின்னப் பதிப்பகங்களுக்காக, ஸ்கேன் செய்த மூலத்தையும் புதிதாகத் தட்டச்சு செய்த கோப்பையும் வரிவரியாக ஒப்பிடுவது வேலை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இறக்கிய பி.டி.எஃப்.கள்தான் பெரும்பாலும் மூலம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு. தும்பிக்கை தூக்கிய லை, னை எல்லாம் அதில் உண்டு. ஆறரை அங்குலப் போனில் அந்தப் பக்கத்தின் அகலம் 7 சென்டிமீட்டர்கூட வராது. எழுத்தின் மேலிருப்பது புள்ளியா, ஸ்கேனில் விழுந்த தூசியா என்று தெரியாது. பெரிதாக்கினால் வரி அறுந்துவிடும். இடமும் வலமும் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். ஊரப்பாக்கத்திலிருந்து எழும்பூர் வரை மின்சார ரயிலில் தினமும் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரத்தை இப்படி இழுத்தே கழித்துக்கொண்டிருந்தேன்.

அதனால் கம்ப்யூட்டர் வாங்கவில்லை. வேளச்சேரியில் ஒரு ஐ.டி. பையன், ஒரு வருடம் பழசான மடிக்கும் போன் ஒன்றை 58,000க்குக் கொடுத்தான். புதிதில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றது. அப்பாவிடம், "டேப் மாதிரி ஒரு போன்ப்பா. இருபத்தஞ்சு ஆச்சு, மீதி பேங்க்ல இருக்கு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போது யோசித்தால், 58 என்ற எண் வாயில் வரவில்லை. அதுதான் காரணம். மெஷின் போன வண்டிச் சத்தம் காதில் இருந்த வாரம் அது.

அப்பா போனை வாங்கினார். திரையைப் பார்க்கவே இல்லை. நாலு தடவை திறந்து மூடினார், நடுவில் கட்டை விரலை வைத்து மேலிருந்து கீழே தடவினார். "கீல் நல்லாப் பண்ணியிருக்கான். மேல ஒட்டியிருக்கிறது என்னம்மா?"

"பிளாஸ்டிக்ப்பா. அதுக்கடியில கண்ணாடி."

"மடியிற கண்ணாடியா?" என்று சிரித்தார். "புஸ்தகத்துல மொதல்ல போறது அட்டையும் முதுகும் சேர்ற எடம். அதுக்குத்தான் காலிகோ ஒட்டுறது."

மடிகிற கண்ணாடி உண்மைதான். 2019இல் வந்த முதல் கேலக்ஸி ஃபோல்டில் அதுகூடக் கிடையாது, மேலே முழுக்க பிளாஸ்டிக். விற்பனைக்கு முன் விமர்சகர்களுக்குக் கொடுத்த மாதிரிகளில் சில, இரண்டே நாளில் செத்துப்போயின. சிலர் மேலிருந்த படலத்தை, புதுப் போனில் ஒட்டி வரும் பாதுகாப்புத் தாள் என்று நினைத்து உரித்துவிட்டார்கள். அது திரையின் ஒரு பகுதி! சாம்சங் வெளியீட்டைத் தள்ளிவைத்தது, படலத்தின் ஓரங்களைச் சட்டத்துக்கு அடியில் செருகியது, செப்டம்பரில் கடைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் விலை 1,64,999. அடுத்த வருடம் இசட் ஃபிளிப்பில்தான் மெல்லிய கண்ணாடி வந்தது. தடிமன் சுமார் 30 மைக்ரான், தலைமுடியில் பாதிகூட இல்லை. ஆனால் அதன் மேலும் ஒரு பிளாஸ்டிக் படலம் உண்டு. நம் விரல் தொடுவது அந்தப் பிளாஸ்டிக்கைத்தான்.

ஒரு பொருளை வளைத்தால் வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும். நடுவில் எங்கோ ஒரு தளம் இழுபடாமலும் நசுங்காமலும் இருக்கும். ஒளிரும் அடுக்கை அந்தத் தளத்தில் கொண்டுபோய் வைப்பதுதான் பொறியாளர்களின் சாமர்த்தியம். அடுக்குகளுக்கு நடுவே மெத்தென்ற பசை. மடிக்கும்போது ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் வழுக்கிக்கொள்ளும். கீலுக்குள் திரை கூர்மையாக மடியாமல் நீர்த்துளி வடிவத்தில் சுருண்டு உட்காரும். இதை அப்பாவிடம் சொன்னபோது, "பசைதான் வேலை செய்யுது" என்றார். அவருக்கு எப்போதும் பசைதான்.

முதல் ஃபோல்டுக்கு 2 லட்சம் முறை மடிக்கலாம் என்றார்கள். ஒரு நாள் உட்கார்ந்து எண்ணினேன். 140 தடவை திறந்திருந்தேன், பாதி காரணமே இல்லாமல். டப் என்று மூடுகிற சத்தம் ஒரு போதை. அந்தக் கணக்கில் நாலு வருடத்துக்குச் சற்றுக் குறைவு வரும். 2025இல் வந்த ஏழாவது ஃபோல்டின் திரைக்கு 5 லட்சம் என்கிறார்கள். பரிசோதனைக்கூட இயந்திரம் ஒரே வேகத்தில், ஒரே கோணத்தில் மடிக்கும். அதன் கையில் முறுக்குத் தூள் இருக்காது.

தூள் என்றதும் கடற்கரை. அந்தப் போன் இருந்தவரை நான் திருவான்மியூர் மணலில் உட்காரவில்லை. 2024இல் வந்த ஆறாவது ஃபோல்டின் தர எண் ஐ.பி.48. எட்டு தண்ணீருக்கு. நாலு என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துகள் உள்ளே போகாது என்று பொருள். நம் கடற்கரை மணலில் பெரும்பகுதி அதைவிடப் பொடி. என்னுடையதற்கு அந்த நாலும் இல்லை. தோழிகள் அலையில் நிற்கும்போது நான் ரோட்டோர பெஞ்சில் கைப்பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். (குர்தாவில் பாக்கெட் வைக்காத தையல்காரர்கள் இருக்கும்வரை, பாக்கெட்டில் அடங்கும் போன் என்ற விளம்பரம் பெண்களுக்குப் பொருந்தாது.) நகம் வளர்ப்பதை விட்டேன். அம்மா பட்டுப்புடவைகளை வருஷத்துக்கு இரண்டு தடவை எடுத்து மடிப்பை மாற்றி வைப்பாள், ஒரே மடிப்பில் இருந்தால் சரிகை ஓரம் இத்துப்போகும் என்று. போனில் மடிப்பை மாற்ற முடியாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும்: அந்த 14 மாதம் போல நான் என்றைக்கும் வாசித்ததில்லை.

பக்கம் 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு விரிந்தது. புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. இடது பாதியில் மூலம், வலது பாதியில் தட்டச்சுக் கோப்பு. தாம்பரத்தில் உட்கார இடம் கிடைத்தால் எழும்பூருக்குள் பத்துப் பன்னிரண்டு பக்கம் முடியும். (நிற்க வேண்டியிருந்தால் ஒன்றும் முடியாது. இதைத் திறக்க இரண்டு கை வேண்டும். ஒரு கை கம்பியில் இருக்கும்.) சில ஸ்கேன்களில் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படமாக எடுத்திருப்பார்கள். அதைத் திறந்தால் திரையின் பள்ளமும் புத்தகத்தின் நடுப் பள்ளமும் சரியாக ஒன்றன்மேல் ஒன்று விழும். யூடியூப் விமர்சகர்கள் எல்லாரும் அந்தப் பள்ளத்தைக் குறை சொல்கிறார்கள். எனக்கு அதை முதல் தடவை பார்த்தபோது தொண்டை அடைத்தது. பக்கத்து சீட் பெரியவர், "இன்னொருவாட்டி மூடிக் காட்டும்மா" என்று கேட்டார். காட்டினேன்.

படம் பார்க்க வாங்குகிறேன் என்பவர்களுக்கு ஒரு தகவல். உள்திரை ஏறக்குறைய சதுரம். சினிமாஸ்கோப் படம் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டைதான். படம் சாதாரண போனில் தெரியும் அளவேதான் இருக்கும். ஒன்றரை லட்சம் கொடுத்துக் கறுப்புப் பட்டை வாங்க வேண்டாம்.

போன வருடம் மே மாதம் ஒரு காலை. பழவந்தாங்கல் தாண்டியதும் திறந்தேன். கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை. நடுவில் ஊசி போல ஒரு கறுப்புக் கோடு. கிண்டிக்குள் வலது பாதி முழுக்கப் பச்சை. எழும்பூரில் இறங்கும்போது இருட்டு.

சர்வீஸ் சென்டரில் இருந்த பெண் தன்மையாகத்தான் பேசினாள். வாரண்டி முடிந்துவிட்டது. திரையைத் தனியாக மாற்ற மாட்டார்கள், சட்டத்தோடு சேர்த்து ஒரே பாகமாகத்தான் வரும். 41,000 என்று சீட்டில் எழுதிக் கொடுத்தாள். அந்தச் சீட்டை வீட்டில் டி.வி. மேல் வைத்தது என் முட்டாள்தனம்.

சாயங்காலம் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார். "இருபத்தஞ்சாயிரம் போனுக்கு நாப்பத்தோராயிரமா ரிப்பேர்?"

நான் பேசவில்லை.

"எவ்ளோம்மா ஆச்சு?"

"அம்பத்தெட்டு."

சீட்டை மடித்தார். நகத்தால் மடிப்பை நீவினார், பழக்கம். திரும்பப் பிரித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "அந்தப் புக்கு முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

"பாதி."

"காட்டு."

பழைய லேப்டாப்பில் திறந்து காட்டினேன், அவர் மாற்றச் சொன்ன அதே லேப்டாப். நூலக முத்திரை விழுந்த ஒரு நாவல். ஒவ்வொரு பக்கத்திலும் உள் ஓரத்தில் இரண்டு மூன்று எழுத்துகள் பள்ளத்துக்குள் போய் மறைந்திருந்தன. அவற்றை ஊகித்துத்தான் நான் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா திரைக்கு வெகு பக்கத்தில் குனிந்தார்.

"இது குத்துத் தையல். ஃபாரம் ஃபாரமாப் பிரிச்சுத் தைக்காம, ஓரத்துல மொத்தமா ஓட்டை போட்டு இழுத்துட்டான். புஸ்தகம் விரியவே விரியாது. ஸ்கேன் எடுக்கிறவன் என்ன பண்ணுவான்?" கொஞ்ச நேரம் கழித்து, "நானும் போட்டிருக்கேன். லைப்ரரிலேர்ந்து எரநூறு புக்கு ஒண்ணா வரும், பத்து நாள்ல வேணும்பாங்க. பிரிச்சுத் தைக்கிற ரேட்டும் குடுக்க மாட்டாங்க" என்றார். அதற்குப் பிறகு அந்த 58,000 பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சில நாள் தோன்றுகிறது.

மிச்ச நாவலை லேப்டாப்பிலேயே முடித்தேன். இப்போது ரயிலில் பாட்டு கேட்கிறேன். 20,000க்கு ஒரு போன், 15,000க்கு ஒரு டேப் வாங்கினால் இதே வேலை நடக்கும் என்று நண்பன் ஒருவன் கணக்குப் போட்டுக் காட்டினான். கணக்கு சரி. நெரிசலில் கைப்பையிலிருந்து டேபை எடுத்ததுண்டா என்று கேட்டேன். அவன் பைக்கில் போகிறவன்.

மாமா பையனுக்கு நேற்று ராத்திரி எழுதினேன். "செகண்ட் ஹேண்ட் வேணவே வேணாம். புதுசு வாங்குனா உள்திரைக்குத் தனி இன்ஷூரன்ஸ் போடு, அந்தக் காசையும் விலையில சேத்துக் கணக்குப் பண்ணு. ஈ.எம்.ஐ. முடியிறதுக்குள்ள திரை போச்சுன்னாலும் மாசா மாசம் கட்டணும், அதுக்கு மனசு தாங்குமான்னு பாரு. நீ என்ன படிக்கிற, என்ன வேலை பார்க்கிறன்னு யோசி. ரீல்ஸ்தான்னா இருக்கிறதே போதும். ரெண்டு பக்கத்தைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கிற வேலை இருந்தா, கடைக்குப் போய் உன் ஃபைலையே அதுல திறந்து பாரு. மாமாகிட்ட உண்மை விலையைச் சொல்லு."

"1,74,999 அக்கா, அதையா?" என்று பதில் போட்டான். ஏழாவது ஃபோல்ட் 2025இல் வந்தபோது வைத்த விலை. விரித்தால் 4.2 மில்லிமீட்டர், எடை 215 கிராம். கடையில் தொட்டுப் பார்த்திருக்கிறேன். பள்ளம் விரலுக்குத் தட்டுப்படவே இல்லை. வெளியே வந்து ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பவும் உள்ளே போய்த் தொட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா வந்து மேஜையிலிருந்த போனை எடுத்தார். அவ்வப்போது எடுப்பார். திறந்து, இருட்டுத் திரையைப் பார்க்காமல், மூடுவார். டப்.

"திரைதானம்மா போச்சு" என்றார். "இந்தக் கீலை மட்டும் தனியாக் கழட்ட முடியுமா?"