வாய் கட்டுவது அக்கா

பனையோலைக் கூடையான கொட்டான் முடையக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றதும் வீட்டில் எல்லோரும் என் கையைத்தான் பார்த்தார்கள். முடக்குவாதக்காரி விரலை நம்பி ஒரு கைவேலை பழகுவதா? காலையில் எழுந்தால் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருக முடியாது. புடவைக்கு ஊக்குக் குத்தவே வெயில் ஏற வேண்டும். அதனால் மதியத்துக்கு மேல்தான் வருவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். முடையக் கற்றுத்தரும் அக்கா சரி என்றார்.

செட்டிநாட்டில் ஒரு காலத்தில் ஆச்சிமார் தாங்களே கொட்டான் முடைந்து, துணியும் மணியும் வைத்துத் தைத்துக் கல்யாணச் சீரில் வைப்பார்கள். பிளாஸ்டிக்கும் எவர்சில்வரும் வந்து அது அருகிப்போனது. விசாலாட்சி ராமசாமி தொடங்கிய எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை காரைக்குடியைச் சுற்றியுள்ள கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அதை மீட்டது. புவிசார் குறியீடு கிடைத்ததெல்லாம் அதன் பிறகுதான்.

பனங்குருத்தைக் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கிழிக்க வேண்டும். சாயம் வேண்டுமென்றால் கொதிக்கிற சாயத் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். முடையும்போது ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மடிக்கிற இடத்தில் விண்டுபோகும். நான் பழகிய கொட்டானுக்கு அடி சதுரம். அடி போடுவதில் பெரிய சிரமமில்லை, பாய் பின்னுவது போலத்தான். மூலையில் ஓலையைத் திருப்பி மேலே ஏற்றும்போதுதான் சங்கடம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். எனக்கு வீங்குவதும் அந்த விரல்களின் கணுக்கள்தான். அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே போய்த் துணி காயப்போடும் கிளிப்புகளை அள்ளிக்கொண்டு வந்தார். “ஏத்தா, பிடிக்கிற வேலைய இதுக்குக் குடு. நீ திருப்புற வேலைய மட்டும் பாரு.” எனக்கென்று ஓலையையும் சற்று அகலமாகக் கிழித்து வைத்தார்.

ஈரத்தில் ஓலை இளகுவதுபோல வெந்நீரில் என் விரலும் இளகுகிறது என்று எழுத ஆசைதான். ஆனால் ஓலைக்கு வலிக்காது.

“நன்றியோடு இருந்து பாருங்கள், பாதி நோய் போய்விடும்” என்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். என் எதிர்ப்பு சக்தியே என் மூட்டுச் சவ்வை அரிக்கிறது. இதில் யாருக்கு நன்றி? பொத்தாம்பொதுவாக எனக்கு வராது. ஆள் தெரிந்தால் வருகிறது.

வாரத்துக்கு ஒரு நாள் நான் போடுவது மெத்தோட்ரெக்சேட். அதன் பக்கவிளைவு தணிய இன்னொரு நாள் ஃபோலிக் அமிலம். இரண்டுக்கும் பின்னால் இருப்பவர் எல்லாப்ரகட சுப்பாராவ். 1895-ல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் அங்கி போட்டதால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். பிறகு அமெரிக்கா போனார். லெடர்லே ஆய்வகத்தில் அவர் குழு 1940-களில் ஃபோலிக் அமிலத்தைத் தயாரித்தது. அதன் வேலையைத் தடுக்கும் மருந்துகளையும் உருவாக்கியது. அவை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குப் பயன்பட்டன. 1948-ல் அவர் இறந்துவிட்டார். மெத்தோட்ரெக்சேட்டைக் குறைந்த அளவில் முடக்குவாதத்துக்குக் கொடுக்க அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 1988-ல்தான். காரைக்குடியில் ஒருத்தி கொட்டான் முடைவாள் என்று அவர் எங்கே கண்டார்! மாத்திரை போட்ட மறுநாள் குமட்டும். அன்று அவரைத் திட்டவும் செய்வேன்.

பனையேறிக் குருத்து வெட்டுகிறவர் முகம்கூட எனக்குத் தெரியாது. அவரும் இந்த நன்றிக் கணக்கில் உண்டு.

இப்போது அடியும் சுவரும் நான் முடிக்கிறேன். நுனிகளை மடித்துச் செருகி வாய் கட்டுவது மட்டும் இன்னும் என் விரலுக்கு வசப்படவில்லை. அதை அக்காதான் செய்கிறார். ஆவணி முகூர்த்தத்துக்குத் தாம்பூலக் கொட்டான் ஆர்டர் வந்தபோது, “வாய் கட்டுற கூலிய நீங்க எடுத்துக்கங்கக்கா” என்றேன்.

“எம் மகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்குறியே, அதுக்கு யாரு கூலி குடுத்தா?” என்றார். மகள் பத்தாம் வகுப்பு, அல்ஜீப்ராவில் தகராறு. பேசி முடிவானது இதுதான்: கூலி ஆளுக்குப் பாதி, டியூஷன் சனி ஞாயிறு மாலையில், கிளிப் வாங்கும் செலவு என்னுடையது.