சுண்ணாம்பு பூசாத கலயம்

கள்ளுக்கடை என்பது மரத்தை ஒட்டிப் பிறந்த கடை. பார்லி மதுவுக்குத் தானியத்தை முளைகட்டி, காய்ச்சி, ஈஸ்ட் சேர்த்து, நாள்கணக்கில் ஊறவிட வேண்டும். பாளையில் வடிகிற சாற்றுக்கு அந்த வேலை எதுவும் இல்லை. காற்றிலும் பழைய கலயத்தின் சுவரிலும் இருக்கும் நுண்ணுயிர்கள் முதல் சொட்டு விழுந்ததுமே புளிக்கவைக்கத் தொடங்கிவிடும். காலையில் இறக்கியது இனிப்பும் நுரையுமாக இருக்கும். மாலையில் ஏறக்குறைய பீர் அளவுக்கு ஏறிவிடும். அடுத்த நாள் புளிக்கும். அதற்கும் மேல் வைத்தால் காடிதான். ஆகவே இறக்கிய ஊரிலேயே, இறக்கிய நாளிலேயே குடித்து முடிக்க வேண்டிய பானம் அது.

தமிழ்நாட்டில் இந்த வாணிகம் பழையது. கள் விற்கும் இடத்துக்கு அடையாளமாகக் கொடி கட்டியிருந்ததை மதுரைக்காஞ்சி சொல்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை இன்னும் ஒரு படி மேலே போய், கடை முற்றத்தில் மீனும் இறைச்சியும் அறுத்துப் பொரிக்கிற ஓசையையும் பதிவு செய்திருக்கிறது. குடியும் தொடுகறியும் ஒரே கூரையின் கீழ் என்ற ஏற்பாட்டுக்கு இதைவிட நல்ல பழஞ்சான்று கிடைப்பது அரிது.

மதுரைக்குக் கிழக்கே வண்டியூரிலும் சுற்றுச் சமவெளியிலும் இன்று அப்படி ஒரு கடையைப் பார்க்க முடியாது. கோடையில் மதுரைச் சாலையோரங்களில் பனையோலைப் பட்டையில் ஊற்றித் தருவது பதநீர். அழகர் வைகையில் இறங்கி வண்டியூருக்கு வரும் சித்திரைத் திருவிழாவும் பதநீர்ப் பருவமும் ஒரே வெயிலில் வருகின்றன. கள்ளுக்கும் பதநீருக்கும் மரம் ஒன்றே, பாளை ஒன்றே, பனையேறியின் வேலையும் கிட்டத்தட்ட ஒன்றே. பதநீருக்குக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசுவார்கள். அது நுண்ணுயிர்களை அடக்கிவைக்கும். பூசாமல் கட்டினால் கள். பூச்சு குறைந்தாலும் சாறு புளிப்பேறும், கூடினால் காரும். தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டம் இந்த ஒரு விரல் சுண்ணாம்பை நம்பித்தான் பனங்காட்டுக்குள் நுழைகிறது.

சுண்ணாம்பைவிடக் கடினமான வேலை பாளையில் இருக்கிறது. பனையேறி கால்களுக்குத் தளைநார் மாட்டி, மரத்தை மார்போடு அணைத்து ஏறுகிறார். இடுப்பில் அரிவாள் பெட்டி. முதலில் காய்ந்த மட்டைகளைக் கழித்து மண்டையைச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு பாளைகளைச் சேர்த்துக் கட்டி, மரக் கடிப்பால் சில நாள்கள் இடுக்கி நசுக்க வேண்டும். ஆண்பனைக்கு ஒரு வகைக் கடிப்பு, பெண்பனைக்கு வேறு. பெண்பாளையில் பிஞ்சுகளுக்கு இடையே நசுக்க வேண்டியிருப்பதே காரணம். சாறு கசியத் தொடங்கியதும் நுனியை மெல்லிசாகச் சீவிக் கலயம் கட்டுகிறார். அதன்பின் காலையும் மாலையும் ஏறிச் சீவியாக வேண்டும். விட்டால் வெட்டுவாய் காய்ந்து ஊற்று அடைபடும். தடிமனாகச் சீவினால் பாளை பருவம் முடியுமுன்னே தீர்ந்துவிடும். எவ்வளவு மெல்லிசு என்பது கைப்பழக்கத்தில் மட்டும் வருவது. ஒருவர் நாளைக்குப் பல மரங்களை இரண்டு முறை ஏறி இறங்குகிறார். வழுக்கும் மழைநாளிலும் இதில் விடுப்பு கிடையாது. விழுந்தவர்களின் கதை இல்லாத பனையேறி ஊர் இல்லை. பிள்ளைகள் இத்தொழிலுக்கு வராததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அரசுக்கும் கள்ளுக்கும் உள்ள உறவு வருமானத்தில் தொடங்கியது. சென்னை மாகாணத்தில் 1886-ஆம் ஆண்டு ஆப்காரிச் சட்டத்தின் கீழ் மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. இழந்த வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. மதுவிலக்கு தளர்ந்த பிறகும் அந்த வரி போகவில்லை. 1948-க்குள் மாகாணம் முழுவதும் விலக்கு. 1971-இல் கடைகள் திறந்து, சில ஆண்டுகளில் மூடி, 1981-இல் மறுபடி திறந்து, 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடையாயின. 1983-இல் அமைந்த அரசு மது நிறுவனமான டாஸ்மாக் 2003 முதல் சில்லறை விற்பனையும் செய்கிறது. பனையை மாநில மரமாக வைத்துக்கொண்டு, பனையேறியின் கள்ளைத் தடுத்து, ஆலையில் வடித்த மதுவை அரசே விற்பது விளக்கச் சிரமமான ஏற்பாடு. கலப்படம் என்பது தடைக்குச் சொல்லும் காரணம். அது கற்பனையும் அன்று.

கலப்படம் எங்கே நுழைகிறது என்பதைக் கேரளத்தில் பார்க்கலாம். அங்கே கள்ளு ஷாப்புகள் சட்டப்படி நடக்கின்றன. கள்ளில் பெரும்பகுதி தென்னையிலிருந்து வருகிறது. தொழிலாளர்களுக்கு 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நலநிதி உண்டு. பாலக்காட்டின் சித்தூர் வட்டாரம், தமிழ் பேசுவோர் நிறைந்த எல்லைப்பகுதி, மற்ற மாவட்டங்களுக்கும் கள் அனுப்புகிறது. மரத்துக்கும் கடைக்கும் இடையே வழி நீண்டால் கையாளும் ஆட்கள் கூடுகிறார்கள். சரக்கு குறைகிற நாளில் தண்ணீரும் மயக்க மருந்தும் சேர்வது அந்த வழியில்தான். ஷாப்புக்குள் போனால் மரவள்ளிக் கிழங்கும் காரம் ஏறிய மீன்குழம்பும், மத்திப் பொரியல், வாத்துக்கறி, நண்டு. குடிக்காதவர்களும் குடும்பத்தோடு சாப்பிட வருகிற கடைகள் பல உண்டு.

யாழ்ப்பாணத்தில் கடைக்குத் தவறணை என்று பெயர். அங்கே விற்பது பனங்கள். 1970களிலிருந்து சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் கள்ளை வாங்கி விற்கின்றன. பழைய முறையில் ஓலையைக் கோட்டிய பிளாவில் குடிப்பார்கள். வீட்டில் அப்ப மாவு பொங்குவதற்கும் கொஞ்சம் கள் வாங்கிப் போவது அங்கே வழக்கம்.