அந்த வால் என்னுடையது அல்ல

சேந்தமங்கலத்தில் ஒரு அறிவியல் கண்காட்சியில் என் பெயர் போட்டு மாட்டியிருந்த படம் பொய். அதைச் செய்தவன் நான்தான்.

படத்தில் இருந்தவை சிம்ம ராசியின் மூன்று விண்மீன் திரள்கள். ஏறக்குறைய 3.5 கோடி ஒளியாண்டுத் தொலைவு. எம் 65, எம் 66 இரண்டையும் 1780-இல் வானியலாளர் மெசியர் தம் பட்டியலில் சேர்த்தார். மூன்றாவதான என்.ஜி.சி. 3628 மங்கலானது. அவர் கண்ணில் படவில்லை, அவர் எழுதவும் இல்லை. 1784-இல் ஹெர்ஷல் என்ற வானியலாளர்தான் அதைக் கண்டார்.

மார்ச் நள்ளிரவில் இவை கொல்லிமலைக்கு நேர் உச்சியில் வரும். 80 மி.மீ. தொலைநோக்கி, ஒரு பழைய கேமரா, ஒன்றரை மணி நேர எக்ஸ்போஷர். மூன்றும் பதிவாகியிருந்தன. எனக்கு அது போதவில்லை.

மூன்றாவது திரளிலிருந்து சுமார் 3 லட்சம் ஒளியாண்டு நீளத்துக்கு ஒரு வால் போகிறது. பக்கத்துத் திரளின் ஈர்ப்பு பிய்த்தெடுத்த நட்சத்திரங்கள் அவை. என் கருவியில் அது விழ வேண்டுமானால் பல இரவுகள் உழைக்க வேண்டும். நான் உழைக்கவில்லை. பெரிய வானாய்வகம் ஒன்றின் படத்திலிருந்து வாலை வெட்டி எடுத்தேன். நட்சத்திரத்தோடு நட்சத்திரம் பொருத்தி ஒட்டினேன். ஒட்டிய இடம் மட்டும் வழவழவென்று தெரிந்தது. என் படத்தில் இருந்த புள்ளிக் குருணையை அதன்மேலும் தூவினேன். அறியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

படத்தைப் பார்த்த கல்லூரி மாணவி ஒருத்தி என் தொலைநோக்கியை இரவல் வாங்கிக்கொண்டு கொல்லிமலையில் உள்ள செம்மேட்டுக்குப் போனாள். அதே கேமரா, அதே ஒன்றரை மணி நேரம். வால் இல்லை.

"சார், நான் எங்க தப்பு பண்ணேன்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பயந்தேன். "துருவ நட்சத்திரத்துக்கு நேரா வைக்கலம்மா" என்றேன். நம்பும்படியான பொய். நம் ஊரில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 11 டிகிரி உயரம்தான். மலையில் சில்வர் ஓக் மரங்கள் அதை மறைத்துவிடும். ஆனால் நேராக வைக்காவிட்டால் நட்சத்திரங்கள் கோடாக இழுபட்டிருக்கும்; அவள் படத்தில் ஒவ்வொரு நட்சத்திரமும் ஊசிமுனைபோல் வட்டமாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் குறை சொன்னேன்.

மறுபடி முயன்றாள். மறுபடியும் வால் வரவில்லை. தன் கைக்கு இது வராது என்று முடிவுகட்டி விட்டுவிட்டாள். எங்கள் இருவரில் உண்மையான படம் எடுத்தவள் அவள்.

பிறகு அவளிடம் நேரில் சொன்னேன். கேட்டுக்கொண்டாள், பதில் சொல்லவில்லை. என் படத்தின் பிரதி உங்களில் யாரிடமாவது இருந்தால், வால் ஒட்டியது என்று அதன்கீழ் எழுதிவையுங்கள்.