மார்க்சியக் கல்வி: தொடக்கம் பற்றிச் சில எண்ணங்கள்

மார்க்சியத்தை அறிய விரும்பும் ஒருவர் எந்த நூலிலிருந்து தொடங்க வேண்டும்? வவுனியாவில் நடைபெற்ற கருத்தரங்கொன்றின் முடிவில் முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் இவ்வினாவை எழுப்பினார். நூற்பட்டியலொன்றை ஒப்புவித்துவிடுவது எளிது. ஆயின், தவறான இடத்தில் தொடங்கி ஓராண்டை வீணாக்கியவன் என்ற முறையில், அவ்வனுபவத்தைக் கூறுவதே பயனுள்ள மறுமொழியாகும் எனக் கருதுகிறேன்.

1986ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்த புதிதில், மார்க்சியம் கற்பதென்றால் 'மூலதனம்' முதலாம் பாகத்தின் முதற்பக்கத்திலிருந்தே கற்க வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கிருந்தது. இருபது யார் லினன் துணி ஒரு மேலங்கிக்குச் சமன் என்று மார்க்ஸ் விளக்கும் இடத்திலேயே மாதக்கணக்கில் நின்றேன். சொற்கள் மனனமாயின, பொருள் விளங்கவில்லை. விளங்காமையை மறைப்பதற்காகத் தேநீர்க் கடை விவாதங்களில் 'உபரி மதிப்பு', 'உற்பத்தி உறவுகள்' என்னும் தொடர்களை உரத்த குரலிற் கூறி வந்தேன். புரியாத ஒன்றை நம்புவது எவ்வளவு எளிது என்பதை அப்பொழுது நான் உணரவில்லை.

அவ்வேளையில் மூத்த மாணவர் ஒருவர் மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் வெளியிட்டிருந்த சிறு நூலொன்றைத் தந்தார். அதுவே 'கூலியுழைப்பும் மூலதனமும்'. 1847இல் பிரசல்ஸ் நகரத்து ஜெர்மன் தொழிலாளர்களுக்கு மார்க்ஸ் ஆற்றிய விரிவுரைகளைக் கொண்டு எழுதப்பெற்று, 1849இல் பத்திரிகையில் தொடராக வந்தது அது. பகல் முழுவதும் வேலை செய்து களைத்தவர்களுக்குச் சொல்லப்பட்டமையால் அதில் வீண் சொல் இல்லை. கூலி என்பது என்ன, அது எவ்வாறு தீர்மானிக்கப்படுகிறது என்பதே அதன் வினா. 1891ஆம் ஆண்டுப் பதிப்பில் எங்கெல்ஸ் ஒரு திருத்தம் செய்தார்: தொழிலாளி விற்பது உழைப்பை அன்று, உழைப்புச் சக்தியை. அவருடைய முன்னுரையைப் படித்து இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டவர் 'மூலதனத்தின்' வாசலைத் திறந்துவிட்டவராவார்.

நூலை எடுத்துக்கொண்டு காலபோக அறுவடை விடுமுறைக்கு ஊர் சென்றேன். எமது ஊர் இரணைமடுக் குளத்து நீர் பாயும் ஒரு குடியேற்றக் கிராமம். ஐயாவிடம் ஒரு கணக்குக் கொப்பி இருந்தது. உழவு, விதைநெல், பசளை, களை பிடுங்கல், அருவி வெட்டு, சூடடிப்பு எனச் செலவுகள் யாவும் அதில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. ஒரு மாலைப்பொழுதில் நூலையும் கொப்பியையும் அருகருகே வைத்துக் கூட்டிப் பார்த்தேன். எமது வயலில் வேலை செய்த குடும்பத்துக்குச் சென்ற பங்கு மிகச் சிறியது. சுரண்டல் என்ற சொல்லை அதுவரை தொலைவிலிருந்த ஆலைகளுக்கே உரியதென எண்ணியிருந்தேன். எனது பல்கலைக்கழகச் செலவும் அக்கொப்பியிலேயே எழுதப்பட்டிருந்தது.

ஐயாவிடம் அதைப் பற்றிக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "நெல்லு விலையை ஆர் தீர்மானிக்கிறது எண்டும் உன்ரை புத்தகத்திலை பார் தம்பி" என்றார். அவ்வாண்டு பசளைக் கடனுக்காகக் களத்து மேட்டிலேயே வியாபாரி சொன்ன விலைக்கு நெல்லைக் கொடுத்திருந்தார். கூலிக்கு ஆள் பிடிப்பவரும், தாமே சேற்றில் இறங்குபவரும், கடனுக்கு ஆட்பட்டவருமான அவரை எந்த வர்க்கத்தில் வைப்பது? சிறு நூல் அதற்கு நேர்விடை தரவில்லை. ருசியக் கிராமங்களில் இத்தகைய வினாவை எதிர்கொண்ட லெனின், 1899இல் வெளியிட்ட 'ருசியாவில் முதலாளித்துவத்தின் வளர்ச்சி' என்னும் நூலில் விவசாயக் குடும்பங்களின் புள்ளிவிவரங்களை ஆராய்ந்தே விடை தேடினார் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

மறுநாள் அந்தக் குடும்பத்து அம்மாவிடம் கூலியைப் பற்றிப் பேசினேன். அவரோ கூலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தமக்கு ஒரு துண்டு வயற்காணி கிடைக்குமா என்றே கேட்டார். 1977ஆம் ஆண்டு வன்செயலின்பின் மலையகத் தோட்டமொன்றிலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம் அது. எமக்குக் குளத்து நீர் பாயும் காணியும் அதற்கு அனுமதிப்பத்திரமும் இருந்தன. அவர்களுக்கோ மேட்டுநிலத்தில் ஒரு குடிசை மட்டுமே இருந்தது. கூலியின் அளவை விளக்கிய நூல், ஒருவர் ஏன் கூலிக்கு வர நேர்ந்தது என்பதை விளக்கவில்லை.

அவ்விடையைத் தேடியே 'மூலதனத்திடம்' மீண்டும் சென்றேன்; இம்முறை கடைசிப் பகுதிக்கு. ஆங்கில உழவர்கள் நிலத்திலிருந்து எவ்வாறு பிரிக்கப்பட்டனர், அதற்குச் சட்டம் எவ்வாறு கருவியாயிற்று என்பதை ஆதித் திரட்டல் பற்றிய அத்தியாயங்கள் கூறுகின்றன. அவற்றைப் படிக்கையில் 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டமும், 1964ஆம் ஆண்டுச் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும் என் கண்முன் நின்றன. 1867இல் நண்பர் குகல்மனுக்கு எழுதிய கடிதமொன்றில், வேலைநாள், கூட்டுழைப்பும் இயந்திரமும், ஆதித் திரட்டல் என்பன பற்றிய பகுதிகளே எளிதிற் படிக்கத்தக்கவை என அவருடைய மனைவிக்குச் சொல்லுமாறு மார்க்சே குறிப்பிட்டிருந்தார். இதனை அறிந்திருந்தால் எனது ஓராண்டு தப்பியிருக்கும்.

ஆகவே எனது ஆலோசனை இது. முதலில் 'கூலியுழைப்பும் மூலதனமும்'. அடுத்து, 1848இல் வெளிவந்த 'கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை'. 1931இலேயே 'குடி அரசு' தமிழில் வெளியிடத் தொடங்கிய நூல் அது. பின்னர், மேற்கூறிய வரிசையில் 'மூலதனம்'. தியாகுவின் தமிழாக்கம் இன்று துணையாக உள்ளது. அம்முறை எமது பண்பாட்டு வரலாற்றில் எவ்வாறு தொழிற்படும் என்பதைக் காணக் கைலாசபதியின் 'பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்' (1966) என்னும் நூலைப் படிக்கலாம். வினாவிடை வடிவிலான சுருக்க நூல்களை இறுதிக்கு ஒதுக்கி வைப்பது நன்று. அவை முடிவுகளைத் தரும், முடிவுக்கு வந்த வழியைத் தருவதில்லை.

இன்னொன்றையும் கூறவேண்டும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்தவர்கள் இடதுசாரிகள். எனினும் சிங்களத்தை ஆட்சிமொழியாக அரசியலமைப்பிலேயே பொறித்து, பௌத்தத்துக்கு முதன்மையிடம் அளித்த 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பை ஆக்கும் பொறுப்பை ஏற்ற அமைச்சர், சமசமாஜக் கட்சித் தலைவர்களுள் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா ஆவார். மார்க்சைக் கற்றமை மட்டும் எவரையும் பிழையிலிருந்து காப்பதில்லை. இந்த வரலாற்றையும் சேர்த்தே மாணவர் படிக்க வேண்டும்.

ஐயாவின் கொப்பி 2009ஆம் ஆண்டு இடப்பெயர்வில் தொலைந்தது. இரு குடும்பங்களும் ஒரே பாதையில் நடந்து ஒரே முகாமில் இருந்தோம். மீளக்குடியமர்ந்தபோது நாங்கள் எமது வயலுக்குத் திரும்பினோம். அவர்கள் மீண்டும் அந்த மேட்டுநிலத்துக்கே சென்றனர். வினா எழுப்பிய மாணவருக்கு நான் அந்தச் சிறு நூலின் பெயரைக் கூறினேன். அத்துடன், அதனைத் திறக்குமுன் தமது வீட்டுக் கணக்கை ஒருமுறை எழுதிப் பார்க்குமாறும், அதில் யாருடைய பெயர்கள் விடுபட்டுள்ளன என்று கவனிக்குமாறும் கேட்டுக்கொண்டேன்.